மதில் காக்காத பள்ளி: லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளி, 1957–1959

முன்னுரை

நம் உயர்நிலைப் பள்ளிகளின் ஆட்சிக்குழு கூடுகையில் 'பாதுகாப்பு' என்னும் சொல் எழுந்தால், பேச்சு விரைவில் மதிற்சுவரின் உயரத்திற்கும் வாயிற்காவலருக்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கும் சென்றுவிடுகிறது. இவை வேண்டாதவை அல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை அறிந்த நாம், கூரையும் படிக்கட்டும் வாயிலும் எவ்வாறு அமையவேண்டும் என்னும் கேள்வியை அற்பமாக எண்ண இயலாது. ஆயினும் கட்டடம் உறுதியாயிருந்தும், வாயிலில் படையே நின்றும், உள்ளே பயிலும் பிள்ளைக்கும் பணிபுரியும் ஆசிரியருக்கும் பாதுகாப்பு இல்லாதிருந்த பள்ளிகள் உண்டு. அத்தகைய பள்ளி ஒன்றின் ஈராண்டு வரலாற்றை இக்கட்டுரை நோக்க முற்படுகிறது.

இதனை எழுதத் தூண்டியது வகுப்பறைக் கேள்வி ஒன்றாகும். திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் இனப் போராட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கலகம் வரும் என்று தெரிந்திருந்தும் அந்தப் பிள்ளைகளை அங்கே அனுப்பியது சரிதானா? வேறு பள்ளியில் படிக்க வைத்திருந்தால் எல்லாரும் பத்திரமாக இருந்திருப்பார்களே?" என்று வினவினார். கேள்வி நேர்மையானது. பொறுப்புள்ள பெரியோர் பலர் அன்றும் அதையே கேட்டனர். விடையை வரலாற்றிலேயே தேடுவோம்.

1. நகரமும் பள்ளியும்

ஆர்க்கன்சா மாநிலத்தின் தலைநகரம் லிட்டில் ராக். அங்கே 1927-இல் திறக்கப்பட்ட மத்திய உயர்நிலைப் பள்ளி ஏறத்தாழ 15 லட்சம் டாலர் செலவில் எழுப்பப்பட்டது. நாட்டிலேயே அழகு மிக்க உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர் சங்கத்தாரால் பாராட்டப்பட்டது. அதில் வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே பயின்றனர். கறுப்பின மாணவருக்கென 1929-இல் டன்பார் உயர்நிலைப் பள்ளி தனியே திறக்கப்பட்டது; அதற்கான செலவு ஏறத்தாழ 4 லட்சம் டாலர். பிரிவினை என்பதன் பொருளை இவ்விரு தொகைகளே விளக்கும்.

1954 மே 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் இன அடிப்படையில் பிள்ளைகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. லிட்டில் ராக் கல்விக் கண்காணிப்பாளர் வெர்ஜில் பிளாசம் படிப்படியான திட்டம் ஒன்றை வகுத்தார். அதன்படி 1957 செப்டம்பரில் மத்திய உயர்நிலைப் பள்ளியில் மட்டும் சில கறுப்பின மாணவர் சேர்க்கப்படவேண்டும். அதே ஆண்டில் நகரின் மேற்கே, செல்வர் வாழும் பகுதியில், ஹால் உயர்நிலைப் பள்ளி என்னும் புதிய பள்ளி திறக்கப்பட்டது. அது வெள்ளையர் பள்ளியாகவே தொடங்கியது. ஆகவே மாற்றத்தின் சுமை உழைக்கும் வர்க்கத்து வெள்ளையர் குடும்பங்களின் மீதே விழுந்தது என்ற மனக்குறை எழுந்தது. நீதியான செயலைக்கூட அரைமனதோடு செய்யும்போது வெறுப்புக்கு எரிபொருள் கிடைத்துவிடுகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

பலர் விண்ணப்பித்தபோதிலும் இறுதியில் பள்ளிக்குச் செல்ல முன்வந்தோர் ஒன்பதின்மர்: ஆறு பெண்கள், மூன்று ஆண்கள். அவர்களுக்கு வழிகாட்டியாயிருந்தவர் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் மாநிலத் தலைவியும் பத்திரிகையாளருமான டெய்சி பேட்ஸ் அம்மையார்.

2. 'அமைதிக்காக' நின்ற படை

பள்ளி திறக்கும் நாளுக்கு முன், செப்டம்பர் 2 அன்று இரவு, மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவற்படையைப் பள்ளியைச் சுற்றி நிறுத்தினார். வன்முறையைத் தவிர்க்கவும் அமைதியைக் காக்கவுமே இந்நடவடிக்கை என்று அறிவித்தார். ஆனால் படை தடுத்தது வன்முறையாளரை அன்று, ஒன்பது பிள்ளைகளையே. பாதுகாப்பு என்னும் சொல் இவ்வாறு முதல் நாளிலேயே தலைகீழாயிற்று. அச்சுறுத்துகிறவன் வெளியே சுதந்தரமாக நிற்க, அச்சுறுத்தப்படுகிறவன் ஆபத்துக்குக் காரணமானவன் என்று ஒதுக்கப்பட்டான்.

செப்டம்பர் 4 அன்று காலையில் பிள்ளைகள் ஒன்றுகூடிச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. முந்தின இரவு பேட்ஸ் அம்மையார், நகரப் போதகர் ஐக்கியத்தின் தலைவராயிருந்த டன்பார் ஆக்டன் என்னும் வெள்ளையரான பிரஸ்பிட்டேரியன் போதகரை அழைத்து, பிள்ளைகளோடு நடந்துவரச் சில போதகர்களைத் தேடித்தரும்படி வேண்டினார். அவர் பலரைக் கேட்டார். இணங்கியவர் மிகச் சிலரே. மறுநாள் காலை வெள்ளையரும் கறுப்பினத்தாருமாகிய ஒரு சில குருமாரும் ஆக்டனின் மகனும் அப்பிள்ளைகளோடு நடந்தனர். காவற்படை அவர்களையும் திருப்பி அனுப்பியது.

பதினைந்து வயதான எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் தொலைபேசி இல்லை. ஏற்பாடு மாறிய செய்தி அவளுக்கு எட்டவில்லை. அவள் தனியே வந்தாள். படைவீரர் துப்பாக்கிகளைக் குறுக்கே நீட்டி வழிமறித்தனர். பின்னால் கூட்டம் வசைபாடித் தொடர, அவள் கையில் புத்தகத்தோடு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்த காட்சி புகைப்படமாக உலகெங்கும் சென்றது. நிறுத்தத்தில் அமர்ந்தபோது செய்தியாளர் ஒருவர் அவளுக்கு ஆறுதல் கூறினார்; வெள்ளையரான கிரேஸ் லார்ச் என்னும் பெண்மணி அவளுடன் பேருந்தேறி அழைத்துச் சென்றார். துப்பாக்கி ஏந்தியோர் நூற்றுக்கணக்கில் நின்ற தெருவில் அன்று அச்சிறுமிக்குக் கிட்டிய பாதுகாப்பு இவ்விருவரே.

3. துப்பாக்கி காத்த எல்லை

நீதிமன்ற ஆணையால் செப்டம்பர் 20 அன்று காவற்படை விலக்கப்பட்டது. 23-ஆம் நாள் ஒன்பதின்மரும் பக்க வாயில் வழியாகப் பள்ளிக்குள் நுழைந்தனர். வெளியே ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டிருந்தனர். கறுப்பினச் செய்தியாளர்கள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். நண்பகலுக்குள் பிள்ளைகளை நகரக் காவல்துறையினர் மறைவாக வெளியேற்ற நேர்ந்தது. நகரத் தலைவர் தந்தி அனுப்பி உதவி கேட்க, குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் மறுநாள் 101-ஆம் வான்படைப் பிரிவின் ஆயிரத்திற்கு மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். மாநிலக் காவற்படையின் ஏறத்தாழ 10,000 பேரையும் நடுவண் அரசின் ஆணைக்குக் கீழ்க் கொண்டுவந்தார். செப்டம்பர் 25 அன்று ஒன்பதின்மரும் வீரர் சூழ முன்வாயில் வழியாகவே நுழைந்தனர்.

வரலாற்று நூல்கள் பல இவ்விடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. உண்மையில் பள்ளி வாழ்க்கை அன்றுதான் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீரர் துணையாகத் தாழ்வாரத்தில் நடந்தார். ஆனால் வீரர் வகுப்பறைக்குள் செல்லலாகாது. கழிப்பறைக்குள்ளும், உடை மாற்றும் அறைக்குள்ளும் செல்ல இயலாது. துன்புறுத்தல் அவ்விடங்களுக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகளை இடித்துத் தள்ளினர், படிக்கட்டில் உதைத்தனர், நூல்களைப் பிடுங்கி எறிந்தனர், எச்சில் உமிழ்ந்தனர். தன் கண்களில் எரியும் திராவகம் வீசப்பட்டதையும், உடனிருந்த வீரர் விரைந்து தண்ணீர் ஊற்றிக் காத்ததையும் மெல்பா பட்டில்லோ 1994-இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் பதிவு செய்துள்ளார். நவம்பர் இறுதியில் வான்படையினர் திரும்பிச் சென்றபின், ஆண்டின் எஞ்சிய பகுதிக்குக் காவற்படையினர் இருந்தபோதும், துன்புறுத்தல் பெருகியது.

மின்னிஜீன் பிரௌனின் நிகழ்ச்சி சிந்தனைக்குரியது. டிசம்பரில் உணவறையில் மாணவர் சிலர் நாற்காலிகளைத் தள்ளி அவள் வழியை மறிக்க, அவள் கையிலிருந்த உணவுத் தட்டு அவர்கள்மேல் கவிழ்ந்தது. அவள் பள்ளியிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டாள். மேலும் சில மோதல்களுக்குப் பின், 1958 பிப்ரவரியில் முற்றிலும் வெளியேற்றப்பட்டாள். அவளை நாள்தோறும் வதைத்தவரில் பெரும்பாலோர் மீது அவ்வளவு கடுமையான நடவடிக்கை எழவில்லை. பெரியோர் ஒருவர் நேரில் கண்டு சாட்சி சொன்னாலன்றிப் புகாரை ஏற்பதில்லை என்பது அங்கே வழக்கமாயிருந்தது. விதி எல்லாருக்கும் ஒன்றே போலத் தோன்றும். ஆனால் வதைப்பவன் பெரியோர் காணாத இடத்தையே தெரிந்துகொள்கிறான். ஆகையால் அவ்விதி அவனுக்குக் கேடயமாகவும், துன்புறுகிறவளுக்குக் கண்ணியாகவும் அமைந்தது. நம் பள்ளிகளிலும், "யாராவது பார்த்தார்களா?" என்பதே புகார் சொல்லும் பிள்ளையிடம் கேட்கப்படும் முதல் கேள்வியாக இருப்பதுண்டு.

1958 மே மாதத்தில் ஒன்பதின்மருள் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் பட்டம் பெற்றார். அவ்விழாவில் பார்வையாளர் நடுவே மார்ட்டின் லூதர் கிங் அமர்ந்திருந்தார்.

4. ஆசிரியரும் தப்பவில்லை

மாணவரின் பாதுகாப்பு குலையுமிடத்தில் ஆசிரியரின் பாதுகாப்பும் குலையும் என்பதற்கு அடுத்த ஆண்டு சான்றாயிற்று. பள்ளியில் நிலவிய குழப்பத்தைக் காரணம் காட்டி, கறுப்பின மாணவரின் சேர்க்கையை இரண்டரை ஆண்டு ஒத்திவைக்கக் கல்விக் குழு நீதிமன்றத்தை வேண்டியது. அவ்வழக்கில் 1958 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, ஒவ்வொருவரும் கையொப்பமிட்டுத் தீர்ப்பளித்தனர். பிள்ளைகளின் உரிமையை, அதற்கு எதிராகக் கலகம் செய்வோரின் வன்முறைக்குப் பலியிட இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். என் மாணவரின் கேள்விக்கு நீதிமன்றம் தந்த விடை இதுவே எனலாம்.

ஆளுநர் தந்த மறுமொழி வேறாயிருந்தது. அவர் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். செப்டம்பர் 27 அன்று நடந்த வாக்கெடுப்பில் 19,470 பேர் பள்ளிகளை இணைப்பதற்கு எதிராகவும், 7,561 பேர் ஆதரவாகவும் வாக்களித்தனர். 3,665 மாணவர் பள்ளியிழந்தனர். வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளும் அயலூர் உறவினர் வீடுகளும் கிடைத்தன. கறுப்பின மாணவரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எப்பள்ளியும் கிட்டவில்லை. ஒப்பந்தத்தால் கட்டுண்ட ஆசிரியர்கள் நாள்தோறும் வந்து வெறுமையான வகுப்பறைகளில் அமர்ந்திருந்தனர். கால்பந்து ஆட்டங்கள் மட்டும் தடையின்றி நடந்தன. லிட்டில் ராக் மக்கள் அதனை 'இழந்த ஆண்டு' என்றே இன்றும் வழங்குகின்றனர்.

இதற்கிடையில், ஆசிரியர் ஒவ்வொருவரும் கடந்த ஐந்தாண்டுகளில் தாம் சேர்ந்திருந்த சங்கங்கள் அனைத்தையும் எழுதிக் கொடுக்கவேண்டும் என மாநிலச் சட்டம் ஒன்று கட்டாயப்படுத்தியது. 1960-இல்தான் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது. 1959 மே 5 அன்று கல்விக் குழுக் கூட்டத்திலிருந்து மிதவாதிகள் மூவர் வெளிநடப்புச் செய்ய, எஞ்சிய மூவர் 44 ஆசிரியரையும் அலுவலரையும் பணியிலிருந்து நீக்கத் தீர்மானித்தனர். மத்திய உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜெஸ் மாத்யூஸும், மாணவியர் நலனைக் கவனித்த துணைத் தலைமையாசிரியை எலிசபெத் ஹக்கபியும் அப்பட்டியலில் இருந்தனர். சட்டம் கூறியபடி பள்ளியை நடத்த முயன்றதே அவர்கள் செய்த குற்றம்.

இங்கேதான் நகரம் விழித்தது. முந்தின ஆண்டு முதற்கொண்டே பள்ளிகளைத் திறக்கப் போராடி வந்த மகளிர் குழுவினர் வீடு வீடாகச் சென்றனர். வணிகரும் பெற்றோரும் சேர்ந்தனர். மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில், ஆசிரியரை நீக்கிய மூன்று உறுப்பினர்களும் பதவியிழந்தனர். மிதவாதிகள் மூவரும் நிலைத்தனர். ஆகஸ்டு 12 அன்று பள்ளிகள் திறந்தபோது எதிர்ப்பாளர் ஊர்வலமாக வந்தனர். இம்முறை நகரக் காவல்துறை தடுத்தது பிள்ளைகளை அன்று, கலகக்காரரையே. ஈராண்டுக்கு முன் அதே தெருவில் செய்யத் தவறியதை இப்போது செய்தது. ஆயினும் வெறுப்பு உடனே ஒழிந்துவிடவில்லை. ஒன்பதின்மருள் ஒருவரான கார்லோட்டா வால்ஸின் வீட்டில் 1960 பிப்ரவரியில் குண்டு வெடித்தது. அவர் அவ்வாண்டே அப்பள்ளியில் பட்டம் பெற்றார்.

5. திருச்சபைகள் என் செய்தன?

இறையியல் மாணவர் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. லிட்டில் ராக் ஆலயங்கள் நிறைந்த நகரம். பிரிவினைக்காகக் கிளர்ச்சி செய்த சங்கத்தின் முன்னணியில் பாப்திஸ்து போதகர் ஒருவரே இருந்தார். மறுபுறம், 1957 அக்டோபர் 12 அன்று எப்பிஸ்கோப்பல் பேராயர் ராபர்ட் பிரௌன் முதலானோரின் முயற்சியால் நகரெங்கும் பல ஆலயங்களில் ஒப்புரவுக்கான மன்றாட்டு நடந்தது. அது நற்செயலே. ஆனால் அம்மன்றாட்டில் கலந்துகொண்டோரின் பிள்ளைகள் மறுவாரம் தாழ்வாரத்தில் என்ன செய்தனர், எதைக் கண்டும் காணாதிருந்தனர் என்று வினவியோர் சிலரே.

காம்ப்பெல், பெட்டிகுரூ என்னும் சமூகவியல் அறிஞர் இருவர் அந்நகரப் போதகர்களைச் சந்தித்து ஆராய்ந்து 1959-இல் நூலொன்று வெளியிட்டனர். அவர்கள் கண்ட உண்மை நம்மை நாணச் செய்வது. போதகருள் பெரும்பாலோர் தங்கள் உள்ளத்தில் பள்ளிகள் இணைவதையே நியாயமெனக் கருதினர். ஆயினும் பிரசங்க பீடத்தில் மௌனம் காத்தனர், அல்லது எவர்க்கும் நோகாத பொதுமொழியில் அன்பையும் சமாதானத்தையும் பேசினர். சபை பிளவுபடும், காணிக்கை குறையும், ஆலயப் பணிகள் தடைப்படும் என்னும் அச்சமே காரணம். அவர்கள் தீயோர் அல்லர். மந்தையைக் காப்பதாகவே எண்ணினர். எரேமியா தீர்க்கர் கண்டித்த, காயத்தை மேலோட்டமாகக் கட்டும் சமாதானம் இத்தகையதே. பிள்ளைகளோடு நடந்த ஆக்டன் போதகர் அதற்குரிய விலையைச் செலுத்தினார். சபையில் எதிர்ப்பு வலுக்க, 1958-இல் அவ்வூரைவிட்டு வேறு மாநிலத்திற்குச் செல்ல நேர்ந்தது.

6. நமக்கும் உரியது

இது கடல் கடந்த கதை என்று ஒதுக்கிவிட இயலாது. எர்னஸ்ட் கிரீனின் பட்டமளிப்பைக் கண்ட கிங், ஓராண்டு நிறைவதற்குள், 1959 தொடக்கத்தில் இந்தியா வந்தார். தீண்டாமைக் கொடுமைக்குட்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பயின்ற திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்ததை, 1965 ஜூலையில் ஆற்றிய அருளுரையில் கிங் நினைவுகூர்ந்தார். முதலில் திடுக்கிட்டதாகவும், பின்னர் அது உண்மையே என உணர்ந்ததாகவும் கூறினார். அவர் கண்ட ஒப்புமையை நாம் காணாதிருக்கலாமா?

நம் மிஷன் பள்ளிகளின் வரலாற்றிலும் இதற்கு முன்னோடி உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1838-இல் ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுவர் அங்கே சேர்க்கப்பட்டபோது மேல்சாதி மாணவர் அவர்களை விலக்குமாறு கோரினர், ஆண்டர்சன் மறுத்தார், பலர் பள்ளியைவிட்டு நீங்கினர். அமைதிக்காக அச்சிறுவரை வேறிடத்திற்கு அனுப்புவது அவருக்கு எளிதாயிருந்திருக்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தனக்கு நேர்ந்த துன்புறுத்தலை வெளிப்படுத்திய பட்டியலினத்து மாணவன் ஒருவன், உடன் பயின்றோரால் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். அவனைக் காக்க முயன்ற தங்கையும் காயமுற்றாள். அதன்பின் அரசு நியமித்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறு முதலிய அடையாளங்களைத் தடை செய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குதல், மாணவர் நல அலுவலரை அமர்த்துதல் ஆகியவை அதன் பரிந்துரைகளுள் சில. அப்பரிந்துரைகளைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. ஆனால் ஓர் உண்மையை எவரும் மறுக்கவியலாது. மணிக்கட்டின் கயிற்றை மதிற்சுவர் தடுக்காது. அது வாயிற்காவலரைக் கடந்து, வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும், சில வேளை ஆலயத்திலிருந்துமே உள்ளே வருகிறது.

முடிவுரை

லிட்டில் ராக் கற்பிக்கும் பாடங்களைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, அச்சுறுத்தப்படும் பிள்ளையை விலக்கிப் பெறும் அமைதி பாதுகாப்பு அன்று. அது அச்சுறுத்துவோனின் வெற்றி. இரண்டாவது, காவல் வாயிலைக் காக்கும். கழிப்பறையையும் உணவறையையும் காப்பது புகார் சொல்லும் பிள்ளையை நம்பும் ஆசிரியரே. மூன்றாவது, அவ்வாறு நம்பி நடவடிக்கை எடுக்கும் ஆசிரியரைக் கைவிடாத ஆட்சிக்குழு வேண்டும். இல்லையேல் அவரும் கண்களை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்வார். நான்காவது, ஊர் மனம் மாறாமல் பள்ளி மட்டும் மாறாது; ஊர் மனத்தை உருவாக்குவதில் போதகரின் மௌனத்திற்கும் பங்குண்டு.

சகரியா தீர்க்கரின் தரிசனத்தில், எருசலேமை அளக்கச் சென்ற வாலிபனுக்கு, அந்நகரம் மதிலில்லாத ஊர்களைப்போல் விரிந்திருக்கும் என அறிவிக்கப்படுகிறது. அதே நூலின் பிற்பகுதியில் மீட்கப்பட்ட நகரத்தின் அடையாளமாகக் காட்டப்படுவது வீதிகளில் அச்சமின்றி விளையாடும் சிறுவரும் சிறுமியருமே. பள்ளிப் பாதுகாப்பை அளப்பதற்கு இதனினும் நேரான அளவுகோல் வேறில்லை.

கேள்வி கேட்ட மாணவர் இவ்வாண்டு படிப்பை முடித்துத் தென்மாவட்டத்துச் சபை ஒன்றிற்குச் செல்கிறார். அச்சபையின் வளாகத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்று உண்டு, மதிலும் உண்டு. என்றேனும் ஓர் இரவு அவரது வீட்டுக் கதவைத் தட்டி, நாளைக் காலை ஒரு பிள்ளையோடு பள்ளி வாயில் வரை நடந்துவர இயலுமா என்று எவரேனும் கேட்கக்கூடும். அவருக்கு அன்று சொல்ல விடை இருக்கவேண்டும். நமக்கும் இருக்கவேண்டும்.